மூன்று நிமிடமும் ஒரு கம்பியும்

கம்பியின் மறுமுனையில் இருப்பவர் காதில் விழவேண்டும் என்பதற்காக, அந்தச் செய்திக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு தெரு முழுவதும் கேட்கும்படி உரக்கப் பேசிய காலம் ஒன்று உண்டு. காங்கேயத்தையும் அதைச் சுற்றிய சிற்றூர்களையும் அறிந்த மூத்தோர் இதை மறந்திருக்க மாட்டார்கள். அஞ்சலகத்தின் ஒரு மூலையில் பலகையால் தடுத்த சிறு அறை. அதில் கறுப்பு நிறத்தில் கனத்த ஒரு தொலைபேசி. வெளியே மரப்பெட்டியில் காத்திருக்கும் நாலைந்து பேர். உள்ளே பேசுகிறவரின் குடும்ப இரகசியம் வெளியே இருப்போர்க்கெல்லாம் தெளிவாக விளங்கும். யாருக்காகப் பேசினாரோ அவருக்கு மட்டும் பாதிதான் விளங்கும்.

அந்நாளைய பொதுத் தொலைபேசியைப் பற்றி மக்கள் சொல்லிவந்த குறைகள் இரண்டே. ஒன்று, கேட்கவில்லை. மற்றொன்று, கிடைக்கவில்லை. முன்னதைத் தரம் என்றும் பின்னதைக் கொள்ளளவு என்றும் பொறியாளர்கள் பெயரிட்டார்கள். கேட்காமையைப் பற்றித்தான் நாம் அதிகம் சிரித்துப் பேசியிருக்கிறோம்; திரைப்படங்களும் அதையே நகைச்சுவையாக்கின. ஆனால் கிடைக்காமையே ஆழமான குறை என்பதும், அந்தக் குறை எல்லார் மேலும் ஒரே அளவில் விழவில்லை என்பதும், பழைய நாள்களைத் திரும்பிப் பார்க்கையில் நமக்குத் தெளிவாகிறது.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-இல் காப்புரிமை பெற்றார். ஆறே ஆண்டுகளில், 1882 சனவரி 28 அன்று, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் முறைப்படி தொடங்கப்பட்டன. சென்னையில் அது எர்ரபாலு செட்டித் தெருவில் அமைந்தது. கல்கத்தாவில் முதலில் சேர்ந்தோர் 93 பேர். சென்னையில் அதனினும் மிகக் குறைவு. வணிகர், கப்பல் முகவர், அரசு அதிகாரி ஆகியோருக்காகத் தனியார் நிறுவனம் நடத்திய பணி அது. பெருநகரங்களின் தொலைபேசி நிறுவனங்களை அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது 1943-இல்தான். நாடு விடுதலை பெற்றபோது சுமார் 34 கோடி மக்களுக்கு இருந்த தொலைபேசிகள் ஏறத்தாழ 80 ஆயிரம். அப்படியென்றால் பெரும்பாலோர்க்குத் தொலைபேசி என்பது வீட்டுப் பொருளாக இல்லை. அஞ்சலகத்தில் இருந்த அந்த ஒரே பொதுத் தொலைபேசிதான் அவர்கள் அறிந்த தொலைபேசி.

காங்கேயம் இருப்புப்பாதை தொடாத ஊர். ஈரோட்டிலிருந்து திருப்பூர் வழியாகக் கோவைக்குச் செல்லும் தண்டவாளம் ஊருக்கு வடக்கே ஒதுங்கிப் போய்விடுகிறது. ஆனால் ஊரின் தொழிலோ வெளியூரை நம்பியது. கொப்பரை உலர்களங்கள், எண்ணெய் ஆலைகள், அரிசி ஆலைகள், மாட்டுச் சந்தை என்று இவை யாவும் வேறோர் ஊரில் இன்று காலை என்ன விலை என்பதைச் சார்ந்தே இயங்கியவை. ஆகவே கம்பி இங்கே அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. கிளுவை வேலி கட்டிய கொறங்காடுகளின் ஓரமாக வரிசையாய் நின்ற கம்பங்களில் காது வைத்து, உள்ளே யாரோ பேசுவது கேட்கிறதா என்று சோதித்துப் பார்த்த மாடு மேய்க்கும் சிறுவர்களை நாம் அறிவோம். காற்று கம்பியில் எழுப்பும் ரீங்காரத்தைத்தான் அவர்கள் பேச்சென்று நம்பினார்கள்.

இங்கே ஒரு கிளைச் செய்தி. நெடுந்தூரத் தொலைபேசிக்குத் தெளிவு தந்தவர்களுள் ஒருவரான மிகைலோ பூப்பின், இன்றைய செர்பிய நாட்டிலுள்ள சிற்றூரொன்றில் மாடு காத்த சிறுவர். இரவில் மந்தை காக்கும் சிறுவர்கள் தரையில் கத்தியைக் குத்தி வைத்து, அதன் பிடியில் தட்டி, மண் வழியே வரும் ஒலியை மற்றொரு கத்தியில் காது வைத்துக் கேட்டதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் நினைவுகூர்கிறார். நீண்ட கம்பியில் போகப்போகக் குரல் தேய்ந்தும் சிதைந்தும் போகும். குறிப்பிட்ட இடைவெளிகளில் கம்பிச்சுருள்களைச் சேர்த்தால் அந்தச் சிதைவு குறையும் என்று ஆலிவர் ஹெவிசைட் என்னும் ஆங்கிலேய அறிஞர் காட்டிய கணக்கைப் பின்பற்றி, பூப்பின் 1900-ஆம் ஆண்டையொட்டி அதைச் செயல்முறைக்குக் கொண்டுவந்தார். கொறங்காட்டுச் சிறுவருக்கும் அவருக்கும் இடையே தூரம் அதிகமில்லை என்று தோன்றுகிறது.

தரக்குறைவுக்குக் காரணங்கள் பல. தொடக்கத்தில் உலகெங்கும் பல இடங்களில் ஒற்றை இரும்புக் கம்பியே போடப்பட்டது. மின்னோட்டம் திரும்பி வரும் வழியாக மண்ணே பயன்பட்டது. அதனால் மண்ணில் ஓடும் பிற மின்னோட்டங்களின் இரைச்சல் எல்லாம் பேச்சோடு கலந்தது. இரட்டைக் கம்பி வந்தபின் அது தணிந்தது. பிறகு மின்சாரக் கம்பிகள் வந்தன. 1930-களில் பைகாராவின் மின்சாரம் கோவை ஆலைகளை இயக்கத் தொடங்கியது. பின்னாளில் வயல்கிணற்று மோட்டார்கள்வரை அது பரவியது. உயர் அழுத்த மின்கம்பி ஒன்று தொலைபேசிக் கம்பிக்கு இணையாக நெடுந்தூரம் சென்றால், தொலைபேசியில் ஓயாத ஓர் உறுமல் எழும். எந்தக் கம்பி எந்தக் கம்பிக்கு எவ்வளவு விலகிச் செல்லவேண்டும் என்று தீர்மானிப்பதற்கென்றே நம் நாட்டில் மின்துறையும் தொலைபேசித் துறையும் சேர்ந்த ஒருங்கிணைப்புக் குழு ஒன்று இயங்கவேண்டியிருந்தது. இவற்றோடு மழையில் நனைந்த பீங்கான் தாங்கிகள், கம்பியில் உரசும் மரக்கிளைகள், செம்புக் கம்பிக்காக அதை வெட்டிச் செல்லும் திருடர் ஆகிய எல்லாம் சேர்ந்தால், பேசுகிறவர் கத்தியதில் வியப்பில்லை.

ஆனால் கேட்காமைக்கு அந்நாளிலேயே ஒரு மருந்து இருந்தது. அது இயந்திரம் அன்று. இடைநிலையத்தில் அமர்ந்திருந்த ஆபரேட்டர். குரல் கம்பியில் செல்லச் செல்லத் தேயும். பாதி வழியில் இருப்பவருக்கு அது பாதியளவே தேய்ந்திருக்கும். ஆகையால் இருமுனையிலும் இருப்போர்க்கு ஒருவர் சொல் மற்றவர்க்கு எட்டாதபோதும், நடுவில் இருப்பவருக்கு இரண்டுமே எட்டும். இவர் சொன்னதை அவர் அவருக்கும், அவர் சொன்னதை இவருக்கும் எடுத்துச் சொல்லிவிடுவார். அப்படிச் சொன்ன குரல்களில் ஒன்றை நாம் மறக்கவில்லை.

1970-களின் நடுப்பகுதி. காங்கேயத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் விடியற்காலையில் இறந்துபோனார். மூத்த மகன் பம்பாயில் ஆலை ஒன்றில் வேலை. சித்திரை வெயில், உடலை மறுநாள்வரை வைத்திருக்க வழியில்லை. பொதுத் தொலைபேசி இருந்த அஞ்சலகம் திறந்ததும் உபதேசியார் போய் டிரங்க் கால் பதிவு செய்தார். நாமும் உடன் சென்றோம். ஆலை அலுவலகத்தின் எண்ணும், அழைத்து வரவேண்டிய ஆளின் பெயரும் எழுதிக் கொடுத்தோம். சாதாரண அழைப்பு என்றார்கள். நண்பகல்வரை மணி அடிக்கவில்லை. பணம் திரட்டி அவசர அழைப்பாக மாற்றினோம். கோயில் மணி துக்கத்துக்கு ஒலித்தது, பங்குத்தந்தை வந்தார், அடக்கத் திருப்பலி நடந்தது. உடலைக் கல்லறைக்குத் தூக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, அஞ்சலகம் சாத்தும் நேரத்தில், அழைப்பு கிடைத்தது. உபதேசியார் எவ்வளவு கத்தியும் மகனுக்கு எட்டவில்லை. அப்போது நடுவிலிருந்து ஒரு பெண்குரல் செய்தியை ஏற்றுக்கொண்டது. தந்தை இறந்ததை அவர்தாம் அந்த மகனுக்குச் சொன்னார். நான் வரும்வரை வைத்திருப்பார்களா என்று மகன் கேட்டதை நமக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. உபதேசியார் சொன்ன விடை ஒரே சொல். அதை அவர் அப்படியே திருப்பிச் சொல்லவில்லை. "எடுத்துவிட்டார்களாம் தம்பி, பூசை நல்லபடியாக நடந்ததாம்" என்றார். அவர் யார், எந்த ஊரார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

தரக்குறைவை ஓர் அன்புள்ளம் இவ்வளவுக்கு ஈடுசெய்ய முடிந்தது. காலை எட்டு மணி முதல் மாலை நான்கரை மணிவரை கம்பி கிடைக்காமல் போனதை அவராலும் ஈடுசெய்ய முடியவில்லை. அந்தத் தாமதத்துக்கு எந்தத் தனி மனிதரும் பொறுப்பில்லை. ஊர்களுக்கிடையே இருந்த தடங்கள் சில. அவற்றை நாடியோர் பலர். அவ்வளவே.

இந்த 'அவ்வளவே' என்பதைக் கணக்காக்கிக் காட்டியவர் டென்மார்க் நாட்டின் ஆக்னர் ஏர்லாங். ஊர்ப் பள்ளி ஆசிரியராகவும் கோயில் பணியாளராகவும் இருந்தவரின் மகன். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் கணித அறிஞர். 1909-இலும் 1917-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள், இத்தனை பேர் இவ்வளவு நேரம் பேச விரும்பினால் எத்தனை தடங்கள் வேண்டும், எத்தனை பேர் ஏமாந்து திரும்புவர் என்பதை வரையறுத்தன. இன்றும் தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் பேச்சின் பளுவை அளக்கும் அலகுக்கு ஏர்லாங் என்றே பெயர்.

கணிதம் என்றதும் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவோரை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரில் ஒரே குரு. ஒரு மணி நேரத்தில் அரை மணி நேரத்துக்கான ஆள்களே சராசரியாக வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குருவுக்குப் பாதி நேரம் ஓய்வு கிடைக்கும் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் மக்கள் கடிகாரம் பார்த்து ஒருவர்பின் ஒருவராக வருவதில்லை. தொட்டியில் ஆள் இருப்பதைக் கண்டதும் காத்திராமல் வீடு திரும்புவது அவர்கள் வழக்கம் என்றால், வருவோரில் மூவரில் ஒருவர் திரும்பிப் போவார் என்கிறது ஏர்லாங் கணக்கு. இதே போன்ற பத்து ஊர்களின் மக்களும் பத்துக் குருக்களும் ஒரே பேராலயத்தில் கூடினால்? பளு அதே விகிதம்தான். ஆனால் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் ஓய்வின்றி இருப்பது அரிது. எனவே திரும்பிப் போவோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை.

தொலைபேசியிலும் இதுவே நடந்தது. நூற்றுக்கணக்கான தடங்கள் உள்ள பெருநகரத்தான் கம்பிகளை நெருக்கிப் பயன்படுத்தியும் எளிதில் பேசினான். ஒன்றோ இரண்டோ தடம் மட்டும் உள்ள சிற்றூரான், அந்தத் தடம் பாதி நேரம் சும்மா கிடந்தபோதும் ஏமாந்தான். சிற்றூருக்குத் தேவை குறைவு, ஆகவே தடமும் குறைவாகவே போதும் என்று திட்டமிட்டோர் நேர்மையாகவே எண்ணியிருக்கலாம். கணக்கு அதற்கு நேர்மாறானது. ஆளுக்கு ஆள் பார்த்தால் சிற்றூருக்கே கூடுதலாகத் தரவேண்டியிருந்தது.

டிரங்க் காலில் அழைப்பவர் திரும்பிப் போவதில்லை, வரிசையில் காத்திருக்கிறார். ஆனால் வரிசையில் முந்துவதற்கு விலை இருந்தது. சாதாரண அழைப்பைப்போல் இரு மடங்கு கட்டணம் கொடுத்தால் அவசர அழைப்பு. எட்டு மடங்கு கொடுத்தால் மின்னல் அழைப்பு. அது எல்லாரையும் தாண்டி முன்னே செல்லும். கொப்பரை விலை ஏறும் நாளில் மின்னல் அழைப்புக்குப் பணம் கட்ட ஆலைக்காரரால் முடியும். அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் களத்தில் வேலை செய்வோரின் கூலியும் அந்த விலையில்தான் இருந்தது. எனினும் அவர் ஒருமுறை முந்தும்போதெல்லாம், சாதாரணச் சீட்டோடு மரப்பெட்டியில் அமர்ந்திருந்த ஒருவர் பின்னே தள்ளப்பட்டார் என்பதும் உண்மை. நம் உபதேசியாரின் சீட்டு அன்று எத்தனை முறை பின்னே போயிற்றோ!

ஆபரேட்டரே தேவையில்லாத தானியங்கி நிலையத்தை முதலில் வெற்றிகரமாக அமைத்தவர், அமெரிக்காவில் சவ அடக்க ஏற்பாடுகள் செய்யும் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் தம் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற ஐயத்தால்தான் அவர் இதில் இறங்கினார் என்று சொல்வார்கள். 1891-இல் காப்புரிமை, 1892-இல் முதல் நிலையம். நம் நாட்டில் ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்கு நேரடியாகச் சுழற்றிப் பேசும் வசதி 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கியது. இதனால் ஆபரேட்டரின் பாரபட்சம் ஒழிந்தது. பம்பாய்க்குச் சாவுச் செய்தி சொன்ன அந்தக் குரலும் கூடவே போயிற்று. தடங்கள் மட்டும் பெருகவில்லை. 1980-களின் தொடக்கத்தில் நாடெங்கும் இருந்த இணைப்புகள் இருபது இலட்சத்தைச் சற்றே தாண்டின. விண்ணப்பித்தோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அக்காலத்து மத்திய அமைச்சர் ஒருவர், தொலைபேசி என்பது ஆடம்பரம், உரிமையன்று. பிடிக்காதவர் இணைப்பைத் திருப்பித் தந்துவிடலாம் என்னும் பொருள்பட நாடாளுமன்றத்தில் பேசியதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

திருச்சபை அதை ஆடம்பரம் என்று கருதவில்லை. 1930-இலேயே வத்திக்கானில் தானியங்கித் தொலைபேசி நிலையம் அமைந்தது. அங்கு இணைப்புப் பலகையில் அமர்ந்து உலகின் பல மொழியினர்க்கும் விடை கூறிவருவோர் துறவியர். 1951 சனவரி 12 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், அதிதூதர் கபிரியேலைத் தொலைத்தொடர்புக்குப் பாதுகாவலராக அறிவித்தார். மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்னவர் வேறு எதற்குப் பாதுகாவலராக இருக்கமுடியும்? நாசரேத்தூர் அன்று பெரும் பட்டணம் அன்று என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, செய்தி அறிவது மனிதர்க்கு உள்ள உரிமை என்று ஏற்றது. தொலைபேசியை மனத்தில் வைத்து எழுதிய ஏடு இல்லைதான். ஆயினும் அமைச்சரின் பேச்சோடு அதைச் சேர்த்துப் படிக்கையில் வேறுபாடு தெரிகிறது.

1984-இல் சாம் பிட்ரோடாவின் முயற்சியால் சி-டாட் நிறுவனம் உருவாயிற்று. வெளிநாட்டு மின்னணு நிலையங்களுக்குக் குளிரூட்டிய அறை வேண்டும், தூசி கூடாது. சி-டாட் வடிவமைத்த 128 இணைப்புகள் கொண்ட சிற்றூர் நிலையம் குளிரூட்டி இல்லாமலே, நம்மூர் வெயிலிலும் புழுதியிலும் இயங்கவல்லது. 1986-இல் கருநாடகத்தின் கிட்டூரில் அது முதன்முதலாக நிறுவப்பட்டது. சிற்றூரைப் பெருநகரின் மிச்சமாகக் கருதாமல், அதற்கென்றே ஒன்றை ஆக்கியது அது.

எல்லா முயற்சிகளும் அப்படி அமையவில்லை. கம்பி போட முடியாத கிராமங்களுக்காக வானொலி அலை வழியே ஒரு பொதுத் தொலைபேசித் திட்டம் வந்தது. நாடு முழுவதும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் இத்தகைய கருவிகள் வைக்கப்பட்டன. அந்த அமைப்பில் பதினைந்து கிராமங்களுக்குச் சேர்த்து இரண்டே தடங்கள். நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் கிராமத்துக்கு நான்கு நிமிடப் பேச்சு என்று கொண்டாலே, ஏர்லாங் கணக்குப்படி ஐந்து அழைப்பில் ஒன்று தோற்கும். மின்கலம் தீர்ந்துபோவதும் கோபுரம் பழுதாவதும் வேறு. 2000-க்குப் பிறகு அவற்றையெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. தொலைபேசி பெற்ற கிராமம் என்று ஏட்டில் குறிக்கப்பட்ட ஊர், பேச முடிந்த ஊராக இருந்ததா என்பது வேறு கேள்வி.

கொங்கு நாட்டில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தவை மஞ்சள் பலகை தொங்கிய எஸ்.டி.டி. பூத்துகளே. 1980-களின் இறுதியில் அவை தோன்றின. அவற்றை ஒதுக்குவதில் உடல் ஊனமுற்றோர்க்கு முன்னுரிமை இருந்ததால், நம் பங்கு மக்களுள் சிலர்க்கும் அவை பிழைப்பாயின. ஒரு வீட்டில் நாளெல்லாம் சும்மா கிடக்கும் கம்பி, ஒரு பூத்தில் நூறு பேருக்கு உதவியது. இரவு பதினொரு மணிக்குமேல் கால்பங்குக் கட்டணம் என்பதால், அந்நேரத்தில் பூத் வாசலில் கூட்டம் நிற்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை முடித்து வந்து, மதுரைக்கும் நெல்லைக்கும் பேசக் காத்திருந்த இளைஞர்கள் அவர்கள். பகலில் தடங்கள் நெரிவதைத் தவிர்க்கவே அந்தச் சலுகை தரப்பட்டது. பணமுள்ளவர் பகலில் பேசினார். இல்லாதவர் தூக்கத்தைக் கொடுத்துப் பேசினார்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிறு. நம் பக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்குச் சென்றிருந்தோர் பலர். காலைத் திருப்பலி முடிந்து வருகையிலேயே கடல் ஊருக்குள் புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதன்பின் எத்தனை முறை எண்களை அழுத்தியும், எல்லாத் தடங்களும் உபயோகத்தில் உள்ளன என்னும் பதிவுக்குரல் ஒன்றே திரும்பத் திரும்ப வந்தது. தடங்களின் எண்ணிக்கையைச் சாதாரண நாளின் நெருக்கடி நேரத்தை வைத்தே கணக்கிடுவார்கள். ஒரு மாநிலமே ஒரு கடற்கரையைக் கூப்பிடும் நாளை வைத்துக் கணக்கிடுவதில்லை. பங்குத்தந்தையின் இல்லத்துத் தொலைபேசியைச் சுற்றி நாற்பது பேருக்குமேல் உட்கார்ந்திருந்தோம். வெளியிலிருந்து யாரேனும் அழைத்தால் கம்பி ஓய்வாக இருக்கவேண்டுமே என்று, பிற்பகலுக்குமேல் நாங்கள் அழைப்பதை நிறுத்திவிட்டோம்.

மாலை ஆறரை மணிக்கு மணி அடித்தது. தஞ்சாவூரில் ஒரு பூத்திலிருந்து, நமக்குப் பழக்கமில்லாத ஒருவர் பேசினார். வேளாங்கண்ணியிலிருந்து லாரியில் வந்தவர்கள் பூத்துக்கு வெளியே நீண்ட வரிசையில் நிற்பதாகவும், ஆளுக்கொரு அழைப்பு என்றால் விடியும்வரை முடியாது என்பதால், ஒரு மறைவட்டத்துக்கு ஓர் அழைப்பு என்று தாங்களே முடிவுசெய்துகொண்டதாகவும் சொன்னார். பிறகு, பென்சில் இருக்கிறதா என்று கேட்டார். பங்குத்தந்தை பழைய திருப்பலிக் கருத்து நோட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். பன்னிரண்டு பெயர்கள். ஒவ்வொரு பெயரையும் ஊரோடு இருமுறை சொன்னார் அந்த மனிதர். ஒவ்வொன்றையும் பங்குத்தந்தை உரக்கத் திருப்பிச் சொன்னார். அறைக்குள் ஒவ்வொரு குடும்பமாக எழுந்து நின்றது. எழாமல் உட்கார்ந்திருந்த இரண்டு குடும்பங்களுக்காக, இன்னும் யாராவது உண்டா என்று பங்குத்தந்தை கேட்டார். அந்த மனிதர் சற்று நேரம் வரிசையில் நின்றவர்களை விசாரித்துவிட்டு வந்தார்.